சாட்சி என்னும் சொல்லும் அடுத்த வீட்டாரும்

நம் சபைகளில் மிகுதியாகப் புழங்கித் தேய்ந்துபோன சொற்களுள் 'சாட்சி' என்பதும் ஒன்று. உபவாசக் கூட்டத்தில் ஒருவர் எழுந்து, தாம் பெற்ற சுகத்தையும் மகனுக்குக் கிடைத்த வேலையையும் எடுத்துரைத்து அமர்ந்தால், அவர் சாட்சி சொன்னார் என்கிறோம். கேட்போர் அனைவரும் முன்னரே விசுவாசிகள். அவர்களுள் எவரும் வினா எழுப்புவதில்லை. நன்றி கூறுதல் நற்செயலே. அதனை நாம் குறைகூறவில்லை. ஆயினும் புதிய ஏற்பாடு அச்சொல்லை வழங்கும் இடம் இதுவன்று.

கிரேக்க மூலத்தில் 'மார்த்துஸ்' என்பது வழக்குமன்றத்திற்குரிய சொல். சாட்சி சொல்பவன் வழக்கறிஞன் அல்லன். ஆதலின் வாதாடி வெல்லும் கடமை அவனுக்கில்லை. அவன் நடுவனும் அல்லன். ஆதலின் எதிரே நிற்பவர்மீது தீர்ப்புக் கூறும் உரிமையும் அவனுக்கில்லை. தான் கண்டதையும் கேட்டதையும் கூட்டாமல் குறைக்காமல் கூறுதலும், மறுதரப்பார் கேட்கும் குறுக்குக் கேள்விகளுக்கு உட்படுதலுமே அவன் பணி. அவனுடைய நடத்தை ஐயத்திற்கு இடமானால் அவன் கூற்றும் உடன் வீழும். பிற்காலத்தில் இச்சொல்லே உயிர் கொடுத்து உண்மையை நிலைநாட்டியவரையும் குறிக்கலாயிற்று. 'இரத்தசாட்சி' என்னும் நம் வழக்கில் இவ்விரு பொருளும் இணைந்து நிற்றலைக் காணலாம்.

இச்சான்றுரைத்தல் யாருடைய பணி என்னும் வினாவிற்கு அப்போஸ்தலர் நடபடிகள் தரும் விடை நம்மைத் திடுக்கிடச் செய்வது. ஸ்தேவான் கொல்லப்பட்ட பின் எருசலேம் சபை சிதறடிக்கப்பட்டது. அப்போஸ்தலர்களோ நகரிலேயே தங்கிவிட்டனர் (8:1). நற்செய்தியைச் சுமந்துகொண்டு ஊர் ஊராகச் சென்றவர்கள் எவ்விதப் பதவியுமற்ற மற்றவர்கள். அவர்களுள் சீப்புருவையும் சிரேனேயையும் சேர்ந்த சிலர் அந்தியோகியாவிற் புகுந்து, யூதரல்லாதாரிடமும் பேசத் துணிந்தனர் (11:20). திருச்சபையின் வரலாற்றையே திருப்பிவிட்ட இம்மனிதர் ஒருவருடைய பெயரையேனும் லூக்கா தரவில்லை. 'கிறிஸ்தவர்' என்னும் பெயர் முதன்முதல் வழங்கிய நகரின் சபையைத் தோற்றுவித்தவர்கள் பெயரறியாதவர்கள்!

கூடாரம் பண்ணும் தொழிலினரான ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாவும் கல்வியிற் சிறந்த அப்பொல்லோவைத் தம்மிடம் அழைத்துச் சென்று, அவனுக்கு வழியைத் திருத்தமாக விளக்கினர் (18:26). ஊரார் நடுவே அவனை மறுத்துப் பேசவில்லை என்பது கருதற்பாலது. இரண்டாம் நூற்றாண்டில் கிறிஸ்தவ சமயத்தை எதிர்த்து எழுதிய செல்சுஸ் என்னும் மெய்யியலாரின் நூல் இன்று தனியே கிடைக்கவில்லை. அடுத்த நூற்றாண்டில் ஓரிகன் எழுதிய மறுப்பின் வாயிலாகவே அதனை அறிகிறோம். கம்பளி நெய்வோரும் செருப்புத் தைப்போரும் துணி வெளுப்போரும் வீடுகளுக்குள் புகுந்து சிறுவரையும் பெண்டிரையும் தம்பக்கம் இழுக்கின்றனர் என்பது அவருடைய ஏளனங்களுள் ஒன்று. எதிரி இகழ்ந்துரைத்த இச்செய்தி, நற்செய்தி எங்ஙனம் பரவிற்று என்பதற்கு நமக்கு வாய்த்த நல்லதொரு சான்றாகும்.

நாமோ இப்பணியைச் சம்பளம் பெறும் உபதேசியாரிடமும் போதகரிடமும் ஒப்படைத்துவிட்டு, காணிக்கைப் பையில் கையிட்டு அமைந்துவிட்டோம். அலுவலகத்தில் பக்கத்து மேசையில் இருபதாண்டு அமர்ந்திருக்கும் நண்பர் நம்மிடம் கிறிஸ்துவைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்டதில்லை எனில், அதன் காரணத்தை நாம் ஆராய வேண்டாமா?

'கேட்டதில்லை' என்று நாம் கூறியதற்குக் காரணமுண்டு. பேதுருவின் முதலாம் நிருபம் 3:15-ஐ நாம் அடிக்கடி மேற்கோள் காட்டுகிறோம். ஆனால் அவ்வசனம், முதலில் ஒருவர் வந்து கேட்பார் என்றே கொள்கிறது. நம்பிக்கைக்குக் காரணம் யாதென்று வினவுவோர்க்கு விடை கூற ஆயத்தமாயிருத்தலே அங்குள்ள கட்டளை. அவ்விடையும் சாந்தத்தோடும் அச்சத்தோடும் அமைதல் வேண்டும். அந்நிருபத்தைக் கேட்டவருள் அடிமைகளும், விசுவாசியாத கணவரோடு வாழ்ந்த மனைவியரும் இருந்தனர். வீட்டிற்குள் பேசும் உரிமையே அவர்களுக்குக் குறைவு. ஆயினும் அவர்தம் வாழ்க்கை அண்டை வீட்டாரிடம் ஒரு கேள்வியை எழுப்பும் என்று ஆசிரியர் எதிர்பார்க்கிறார். கேள்வியே எழாத இடத்தில் கைப்பிரதி கொடுப்பது, வழக்கே தொடுக்காமல் சாட்சிக் கூண்டில் ஏறுவதை ஒக்கும்.

நம் நாட்டிலேயே இதற்கோர் எடுத்துக்காட்டு உண்டு. திருநெல்வேலித் திருச்சபையின் தொடக்கத்தை ஆராய்வோர், பாளையங்கோட்டையில் வாழ்ந்த குளோரிந்தா என்னும் மராட்டியப் பிராமண விதவையையே முதலிற் காண்கின்றனர். ஆங்கிலப் படை அலுவலர் ஒருவரோடு திருமணமின்றி வாழ்ந்த காரணத்தால், தஞ்சையில் அவர் திருமுழுக்கு வேண்டியபோது மிஷனரி சுவார்ட்ஸ் இசையவில்லை. அவ்வலுவலர் இறந்த பின், 1778-இல் சுவார்ட்ஸ் பாளையங்கோட்டைக்கு வந்தபோதே அவர் அதனைப் பெற்றார். 1780-ஆம் ஆண்டுச் சபைப் பதிவேட்டில் நாற்பது பேர் காணப்படுகின்றனர். அவர் முயற்சியால் எழுந்த ஆலயம் 1785-இல் பிரதிஷ்டை செய்யப்பட்டது. சத்தியநாதன் போன்ற உபதேசியார்கள் பின்னரே அங்கு அனுப்பப்பட்டனர். அவர்களுக்கு முன்னரே சபை அங்கிருந்தது. திருச்சபை ஏற்கத் தயங்கிய ஒரு பெண், தம் வீட்டையும் தம்மை அறிந்தவர்களையும் கொண்டு இதனைச் செய்தார்.

அப்பதிவேட்டில் பல சாதியார் ஒருங்கே இடம்பெற்றிருந்தனர். இங்கேதான் நம் சான்றின் மிக நலிந்த இடத்தை அணுகுகிறோம். கல்கத்தாப் பேராயர் தானியேல் வில்சன், சாதி வேறுபாட்டைத் திருச்சபையினின்று அறவே அகற்றுமாறு 1833-இல் தென்னகச் சபைகளுக்குச் சுற்றுமடல் விடுத்தார். தஞ்சையிலும் வேப்பேரியிலும் பலர் அதற்கு இணங்காது சபையைவிட்டே விலகினர். கிறிஸ்துவை விடுதல் எளிதென்றும் சாதியை விடுதல் அரிதென்றும் கண்ட அந்நாளையோரை இன்று நாம் குற்றஞ்சாட்டுதல் எளிது. ஆனால் நம் திருமண அழைப்பிதழ்களையும், திருமண்டலத் தேர்தல்களில் நாம் வாக்குத் திரட்டும் முறையையும், சில ஊர்களில் தனித்தனியே கிடக்கும் கல்லறைத் தோட்டங்களையும் அடுத்த வீட்டார் பார்த்துக்கொண்டிருக்கின்றனர். அவர்கள் குறுக்கு விசாரணை செய்யவேண்டிய தேவையே இல்லை. நம் சாட்சியத்தை நாமே மறுத்துவிடுகிறோம். கூட்டங்களும் ஒலிபெருக்கிகளும் இக்குறையை நிரப்பா.

இனி, செவிகொடுத்தல் பற்றியும் ஒரு சொல். 1706-இல் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்க், தமிழ்ச் சிறுவரோடு மணலில் எழுத்துப் பயின்றார். 1712 முதல் அவரும் உடனூழியர் குருண்ட்லரும் தமிழர் பலர்க்கு அவர்தம் சமயத்தையும் வாழ்வையும் குறித்து வினாக்கள் விடுத்து, மடல்வழி விடை பெற்று, அவற்றை ஜெர்மன் மொழியிற் பெயர்த்து ஹாலேயில் அச்சிடச் செய்தனர். தமிழர் வணங்கும் தெய்வங்களைப் பற்றி 1713-இல் அவர் எழுதி முடித்த நூலோ, மேலதிகாரிகளுக்கு உவப்பின்மையால் உறங்கிக் கிடந்து 1867-இல்தான் சென்னையில் அச்சேறிற்று. அவர் கண்டனக் குரலில் பேசியதும் உண்டு. அதனை மறைக்க வேண்டுவதில்லை. எனினும் கேளாமற் பேசுதல் கூடாது என்பதை அவர் உணர்ந்திருந்தார். நம் பக்கத்து வீட்டார் கார்த்திகையன்று எதற்காக விளக்கேற்றுகிறார் என்று நம்முள் எத்தனை பேர் அவரையே கேட்டறிந்திருக்கிறோம்? அவர் அன்போடு அழைத்து உணவிட்டால், மனச்சாட்சியினிமித்தம் ஒன்றையும் விசாரியாமல் உண்ணலாம் என்று பவுல் கொரிந்தியர்க்கு இடமளித்திருக்கிறார் (1 கொரி. 10:27). படைக்கப்பட்டது என்று ஒருவர் சுட்டிக்காட்டினால் செய்யவேண்டியது வேறு என்று அடுத்த வசனம் கூறுகிறது. ஆயினும் அழைப்பையே மறுப்பது அவர் காட்டிய வழியன்று.

சட்டத்தைப் பற்றிச் சபையார் பலர் கேட்கின்றனர். அரசியல் சட்டத்தின் 25-ஆம் பிரிவு, சமயத்தை ஏற்கவும் கைக்கொள்ளவும் பரப்பவும் உரிமை தருகிறது. 'பரப்ப' என்னும் சொல் 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் வாதிக்கப்பட்டு நிலைபெற்றது. 1977-இல் ஸ்தனிஸ்லாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், பரப்பும் உரிமை என்பது பிறரை மதம் மாற்றும் உரிமையன்று எனத் தீர்ப்பளித்தது. தமிழ்நாட்டில் 2002-இல் வந்த கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் 2004-இல் விலக்கிக்கொள்ளப்பட்டது. வேறு பல மாநிலங்களில் அத்தகைய சட்டங்கள் உள்ளன. இத்தீர்ப்பைக் குறித்து நமக்குக் கருத்து வேறுபாடு இருக்கலாம். ஆயினும் ஒருவரை மாற்றுதல் மனிதர் கையிலுள்ள செயலன்று என்பது நம் இறையியலும் கூறுவதே. சமாரியப் பெண் தன் ஊராரிடம் சென்று கூறியது ஒரு முடிந்த கொள்கையன்று. 'இவர் அவராக இருப்பாரோ' என்னும் பொருள்பட ஒரு கேள்வியையே அவள் எழுப்பினாள். பின்னர் ஊரார், அவள் சொல்லை நம்பியல்ல, தாமே கேட்டு அறிந்தோம் என்றனர் (யோவான் 4:42). அதன்பின் அப்பெண் கதையிலேயே தோன்றவில்லை.

ஆகவே நோயாளியைக் காணச் செல்வோர்க்குச் சிலவற்றைச் சொல்லுதல் தகும். பிற சமயத்தவர் படுக்கையருகே நின்று, 'ஜெபிக்கட்டுமா' என்று கேளாமற் கண்ணை மூடிவிடுதல் முறையன்று. அவர் வேண்டாம் என்றால், கொண்டுசென்ற கஞ்சியை ஊற்றிக் கொடுத்துவிட்டு, மறுநாளும் செல்லவேண்டும். கஞ்சிக்குக் கைம்மாறாக ஆலயத்திற்கு வரும்படி கேட்டல் ஆகாது. அவராகவே கேட்பாராயின், பிரசங்கம் வேண்டியதில்லை. நாம் அறிந்த அளவை, நம் வீட்டில் பேசும் மொழியிலேயே சொல்லலாம். தெரியாததைக் கேட்டால் தெரியாது என்று கூறி, படித்துவிட்டு வருவதாகச் சொல்லலாம்.