சரக்குப் படம் எங்கே இருக்க வேண்டும்?

ஆக்சஸில் சரக்குக் கணக்கு வைத்திருக்கும் வியாபாரிகள், புடவையின் படம், கொள்முதல் பில்லின் பிடிஎஃப், கம்பெனி அனுப்பிய வீடியோ எல்லாவற்றையும் கணக்குக்குள்ளேயே ஏற்றிவிட ஆசைப்படுவது இயல்பு. ஆனால் ஆக்சஸ் கோப்பு ஒன்றின் வரம்பு 2 ஜிபி. அதை எட்டிவிட்டால் புதுப் பதிவு ஏறாது. தீபாவளிக் கூட்டத்தில் பில் போடுவது நின்றால் என்னாவது?

பழைய ஓஎல்இ ஃபீல்டில் ஒட்டிய ஜேபெக் படம், தன் பிட்மேப் நகலையும் சேர்த்துக்கொண்டு பல மடங்கு வீங்கும். 2007 பதிப்பில் வந்த அட்டாச்மென்ட் ஃபீல்டு அவ்வளவு மோசமில்லை. ஆனாலும் அதே 2 ஜிபிக்குள்தான் அடங்க வேண்டும்.

சரக்கைக் கிட்டங்கியில் வைத்து, ஏட்டில் இருப்பிடத்தை மட்டும்தானே நாம் குறிக்கிறோம்? இங்கும் அப்படியே. கோப்புகள் தனி ஃபோல்டரில் இருக்கட்டும். டேபிளில் கோப்பின் பாதை மட்டும் போதும். படிவத்திலுள்ள இமேஜ் கன்ட்ரோலின் கன்ட்ரோல் சோர்ஸாக அந்த ஃபீல்டைக் கொடுத்தால், ஜேபெக், பிஎம்பி படங்கள் பதிவுக்குப் பதிவு மாறித் தெரியும். பிடிஎஃப்பும் வீடியோவும் அதில் தெரியா. அவற்றுக்கு ஒரு பட்டன் வைத்து ஃபாலோஹைப்பர்லிங்க் கட்டளை எழுதினால், உரிய மென்பொருளில் விண்டோஸ் திறந்துவிடும்.

ஃபோல்டரை இடம் மாற்றினால் படம் வராது. பேக்கப் எடுப்பவரிடம் அந்த ஃபோல்டரையும் சேர்த்து எடுக்கச் சொல்லிவிடுங்கள்.