பிரான்சில் அக்கா குடித்தனம்

எங்கள் பேரளம், நன்னிலம் பக்கத்தில் வரன் பார்க்கும்போது, "மாப்பிள்ளை காரைக்கால், பிரெஞ்சு நேஷனாலிட்டி" என்று தரகர் சொல்லிவிட்டால் போதும், வீடே பரபரப்பாகிவிடும். ஜாதகம்கூட அப்புறம்தான். பவுன் எத்தனை என்று பேசுவார்கள், விசா எப்போது வரும் என்று கேட்பார்கள். பெண் அங்கே போய் யாரோடு எந்தப் பாஷையில் பேசுவாள் என்று மட்டும் ஒருவரும் கேட்பதில்லை. என் அக்கா கல்யாணத்திலும் யாரும் கேட்கவில்லை.

காரைக்கால் சமாசாரம் தெரியாத சகோதரிகளுக்கு இரண்டு வார்த்தை. நம் காவிரி டெல்டாவின் கடலோரத்தில் இருக்கும் அந்த ஊர் 1739-இல் தஞ்சை மராட்டிய அரசின் கையிலிருந்து பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனது. 1954 நவம்பர் 1-ஆம் தேதி நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. ஒப்பந்தம் சட்டப்படி நிறைவேறியது 1962 ஆகஸ்ட் 16-இல்தான். ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்தவர்கள் பிரெஞ்சுக் குடிமக்களாகவே இருக்கலாம் என்று அப்போது வைத்தார்கள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த 'சொல்தா' குடும்பங்கள் பல அப்படி இருந்துகொண்டன. பிள்ளை, பேரன் என்று அந்த உரிமை தொடர்கிறது. பிரான்சில் ஜனாதிபதித் தேர்தல் என்றால் காரைக்காலில் ஓட்டுச்சாவடி வைக்கிறார்கள் என்றால் பாருங்களேன்!

அப்படி ஒரு குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டு, இருபத்தைந்து வருஷத்துக்கு முன் அக்கா சார்செல் என்ற ஊருக்குப் போனாள். பாரிஸுக்கு வடக்கே, புறநகர் ரயிலில் போகவேண்டிய ஊர். அடுக்குமாடியில் எட்டாவது மாடி. கார்த்திகையில் அவளுக்கு ஆபரேஷன் என்று தெரிந்ததும், மூன்று மாத விசாவில் நான் துணைக்குப் போனேன்.

மார்கழியில் அங்கே விடிவதே காலை எட்டரை மணிக்கு மேல்தான். சாயங்காலம் ஐந்துக்கெல்லாம் இருட்டிவிடுகிறது. ஆனி மாதத்திலோ இரவு பத்து மணி வரை வெளிச்சமாம்! வாசல் ஏது, கோலம் போட? அக்கா பூஜை அலமாரி முன்னால் ஒரு சாண் கோலம் போடுகிறாள். இட்லி மாவு குளிரில் பொங்காது. அவனுக்குள் விளக்கை மட்டும் எரியவிட்டு மாவுப் பாத்திரத்தை உள்ளே வைத்து மூடிவிடுகிறாள். காலையில் நம் ஊர் மாதிரியே நுரைத்து நிற்கிறது. இரவு பத்து மணிக்கு மேல் மிக்ஸி கூடாது, கீழ்வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டுவார். கடைக்குள் நுழைந்தால் முதலில் 'போன்ழூர்' சொல்லவேண்டும். சொல்லாமல் "இது என்ன விலை" என்று கேட்டால் மரியாதை தெரியாதவள் என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். அந்த ஒரு வார்த்தை எனக்குச் சுலபமாக வந்துவிட்டது!

அக்காவுக்கும் வந்த பிரெஞ்சு ஏறக்குறைய அவ்வளவுதான். அவளைக் குறை சொல்லி என்ன? அங்கே தமிழிலேயே காலம் தள்ள முடிகிறது. லா ஷபெல் பக்கம் போனால் முருங்கைக்காய், பொன்னி அரிசி, ஜாக்கெட் தைக்க ஆள், எல்லாம் உண்டு. கடைக்காரர்கள் பெரும்பாலும் இலங்கைத் தமிழர்கள். 1985-இல் ஏற்பட்ட மாணிக்க விநாயகர் கோயில் இருக்கிறது. வருஷா வருஷம் ஆகஸ்ட் கடைசி வாக்கில் அங்கே தேர் ஓடி, பாரிஸ் தெருவில் தேங்காய் உடைக்கிறார்கள். அத்தானுக்கு விமான நிலையத்தில் ராத்திரி வேலை. பள்ளிக்கூடம், பாங்கு, டாக்டர் எல்லாவற்றுக்கும் பையனை அழைத்துக்கொண்டு போவாள். பத்து வயதிலிருந்து அவன்தான் அம்மாவுக்கு வாய்.

இதில்தான் வந்தது வினை. இரண்டு வருஷமாக அக்காவுக்கு மாதவிலக்கில் உதிரப்போக்கு அதிகம். எழுந்தால் தலைசுற்றல், எட்டு நாள் பத்து நாள் நிற்காது. டாக்டரிடம் போனால் பக்கத்தில் பையன் உட்கார்ந்திருப்பான். பத்தொன்பது வயதுப் பிள்ளையிடம், "இதைக் கேட்டுச் சொல்லுடா" என்று எந்தத் தாய் சொல்வாள்? "முட்டி வலிக்குதுன்னு சொல்லிட்டு வந்துடுவேன்டி" என்றாள் என்னிடம். கடைசியில் பக்கத்து வீட்டுப் பாண்டிச்சேரி அம்மாள், இவள் முகம் வெளுத்திருப்பதைப் பார்த்துத் தானே அழைத்துப் போயிருக்கிறாள். ஹீமோகுளோபின் 7. கர்ப்பப்பையில் கட்டி. ரத்தம் ஏற்றி, பிறகு ஆபரேஷன்.

எனக்கு ஆற்றாமையாக இருந்ததற்குக் காரணம், அந்த ஊரில் வைத்தியத்துக்குக் குறைவே இல்லை. பச்சை நிறத்தில் ஒரு அட்டை, 'கார்த் வித்தால்' என்று பெயர். அதை நீட்டினால் செலவில் பெரும்பகுதியை அரசுக் காப்பீடு ஏற்கிறது. 'சாழ்ஃபாம்' என்ற மருத்துவச்சிகள் பிரசவம் பார்ப்பதோடு, 2009 முதல் சாதாரணப் பெண்களுக்கான கர்ப்பப்பைச் சோதனைகளும் செய்யலாம். ஆண் டாக்டரிடம் கூச்சப்படுகிறவர்கள் அவர்களிடம் போகலாம். 50 முதல் 74 வயது வரை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மார்பகப் பரிசோதனை இலவசம் என்று வீடு தேடிக் கடிதம் வரும். அக்காவுக்கும் வந்திருக்கிறது. படிக்கத் தெரியாமல் கரண்டு பில்லோடு சேர்த்து டிராயரில் வைத்திருந்தாள். நான்தான் அலமாரி ஒழிக்கும்போது எடுத்தேன்!

உதிரப்போக்கு என்றதால் இதையும் சொல்லிவிடுகிறேன், நம் ஊரில் இருப்பவர்களுக்கும் சேர்த்து. ஒரு மணி, இரண்டு மணிக்கு ஒருதரம் துணி மாற்றவேண்டியிருந்தால், ஏழு நாளுக்கு மேல் நீடித்தால், கட்டி கட்டியாகப் போனால், "நாற்பதுக்கு மேல் அப்படித்தான்" என்று இருந்துவிடாதீர்கள். குளிர்நாட்டுக்குப் போகிறவர்கள் வைட்டமின் டி பற்றியும் டாக்டரிடம் கேளுங்கள். மாநிறக்காரர்களுக்கு அந்த வெயில் போதாது.

பாஷை விஷயத்தில் சட்டமும் இப்போது கெடுபிடி. மனைவியாகப் போகிறவர்கள் அரசு வைக்கும் பிரெஞ்சு வகுப்பில் சேரவேண்டியிருக்கிறது. குடியுரிமை கேட்பவர்களுக்கு 2026 ஜனவரியிலிருந்து பரீட்சைத் தரத்தையும் உயர்த்திவிட்டார்கள். ஆகவே நிச்சயதார்த்தம் ஆன கையோடு பெண்ணை ஆறு மாதம் பிரெஞ்சு படிக்க விடுங்கள். புதுச்சேரியில் அலியான்ஸ் பிரான்சேஸ் 1889-லிருந்து இருக்கிறது. நகைக்கு நூறு கடை ஏறி இறங்குகிறோமே, இதற்கு ஒரு கடை ஏறக்கூடாதா? மாமியார் வீட்டார், "அங்கே போய்ப் பார்த்துக்கலாம்" என்பார்கள். அங்கே போனால் குழந்தை பிறந்துவிடும், அப்புறம் எங்கே?

அக்கா இப்போது செவ்வாய்க்கிழமை தோறும் ஒரு சமூக நிலையத்தில் வகுப்புக்குப் போகிறாள். ஐம்பத்தோரு வயதில் நோட்டுப் புத்தகம் வாங்கியிருக்கிறாள். முதலில் கற்றுத்தரச் சொல்லிக் கேட்டது, "எனக்கு இங்கே வலிக்கிறது": 'ழே மால் இசி'. "இத்தனை நாளா முட்டியைத்தான் காட்டினேன்" என்று போனில் சிரிக்கிறாள். அடுத்த மாதம் தையல் போட்ட இடத்தைக் காட்டத் தானே தனியாகப் போகப்போகிறாளாம். பையன் கூட வருகிறேன் என்றானாம். வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.