குடிக்காவிட்டால் மட்டும் போதுமா? கல்லூரி வாசலில் நிற்கும் மதுக்கடையும் மார்க்கம் சொல்லும் தூரமும்

கல்லூரிகள் திறந்து சில வாரங்கள் ஆனதும் முதலாம் ஆண்டு மாணவர்களிடமிருந்து ஒரு கேள்வி வரத் தொடங்கும். "ஹஜ்ரத், ஹாஸ்டல் நண்பன் பிறந்தநாள் ட்ரீட் தருகிறான். பாரில்தான் வைத்திருக்கிறான். நான் குடிக்க மாட்டேன், கூல்டிரிங்ஸ் மட்டும்தான். போகலாமா?"

இப்படிக் கேட்பவர் பெரும்பாலும் தொழுகையைப் பேணுகிற, வீட்டில் நன்றாக வளர்க்கப்பட்ட பிள்ளையாகத்தான் இருப்பார். தவறு செய்ய நினைப்பவர் ஆலிமிடம் வந்து அனுமதி கேட்க மாட்டார். எனவே "ஹராம்" என்ற ஒரே சொல்லில் பதில் சொல்லி அவரை அனுப்பிவிடாமல், காரணத்தோடு விளக்குவது நம் பொறுப்பு.

நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது?

தமிழ்நாட்டில் மதுச் சில்லறை விற்பனை 2003ஆம் ஆண்டு இறுதியிலிருந்து அரசு நிறுவனமான டாஸ்மாக்கின் கையில் இருக்கிறது. அதற்கான 2003ஆம் ஆண்டு விதிகளின்படி, மாநகராட்சி, நகராட்சிப் பகுதிகளில் வழிபாட்டுத் தலத்திலிருந்தும் கல்வி நிலையத்திலிருந்தும் 50 மீட்டருக்குள் மதுக்கடை இருக்கக் கூடாது. மற்ற பகுதிகளில் இந்தத் தூரம் 100 மீட்டர்.

50 மீட்டர் என்பது ஒரு நிமிட நடைகூட இல்லை. அதிலும் விலக்குகள் உண்டு. வணிகப் பகுதி அல்லது தொழிற்பகுதி என்று நகரமைப்புத் துறை வகைப்படுத்திய இடங்களுக்கு இந்தத் தூரக் கட்டுப்பாடு பொருந்தாது. பெரிய கல்லூரிகள் பலவும் கடைவீதி, பேருந்து நிலையம் அருகில் இருப்பதால், கல்லூரி வாசலிலிருந்து பார்த்தாலே தெரிகிற தூரத்தில் கடை இருந்தும் சட்டத்தை மீறியதாகாத நிலை ஏற்படுகிறது.

சட்டத்தில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. 21 வயது நிரம்பாதவருக்கு மது விற்கக் கூடாது. பிளஸ் டூ முடித்து நேராகக் கல்லூரியில் சேரும் மாணவர் பட்டப்படிப்பை முடிக்கும்போதுதான் 20, 21 வயதை எட்டுகிறார். அப்படியானால் இளங்கலை வகுப்பில் இருக்கும் ஏறக்குறைய எல்லா மாணவருக்கும் மது விற்பது சட்டப்படியே குற்றம். பெற்றோர் பலருக்கு இது தெரியாது. "காலேஜ் போய்விட்டான், இனி பெரிய பையன்" என்று நினைத்துக்கொள்கிறோம்.

குர்ஆன் கையாளும் சொல்

மதுவை இஸ்லாம் ஒரே நாளில் தடை செய்யவில்லை. அதில் சில பயன்கள் இருந்தாலும் பாவமே பெரிது என்று முதலில் உணர்த்தப்பட்டது (2:219). போதையோடு தொழுகையை நெருங்கக் கூடாது என்று அடுத்துச் சொல்லப்பட்டது (4:43). இறுதியாக முழுத் தடை வந்தது (5:90).

அந்த இறுதி வசனத்தில் இருக்கும் சொல்லைக் கவனியுங்கள். "இஜ்தனிபூ" என்கிறான் அல்லாஹ். "ஜன்பு" என்றால் பக்கம், ஓரம் என்று பொருள். மதுவை ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டு நீங்கள் விலகி நில்லுங்கள் என்பதே கட்டளை. குடிக்காமல் இருப்பது அதற்குள் அடங்கிவிடுகிறது. ஆனால் கட்டளை அதைவிட விரிவானது. தூரம் பேணுவதும் அதில் சேர்ந்தே இருக்கிறது.

தீமைக்குக் கொண்டு செல்லும் வழியை முன்பே அடைப்பதை ஃபிக்ஹ் கலையில் "ஸத்துத் தராயிஃ" என்பார்கள். அரசு 50 மீட்டர் என்று விதி போட்டதும் இதே சிந்தனையில்தான். அரசின் தூரம் கட்டடத்துக்குக் கட்டடம் அளக்கப்படுகிறது. மார்க்கம் சொல்லும் தூரத்தை மனிதர் தம் கால்களால் அளக்க வேண்டியிருக்கிறது.

கூட உட்கார்ந்தால் என்ன?

அல்லாஹ்வையும் மறுமையையும் நம்பியவர், மது சுற்றிவரும் விரிப்பில் உட்கார வேண்டாம் என்று நபி (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள் (திர்மிதீ). இந்தத் தடை குடிப்பவரைப் பற்றியதல்ல, உடன் உட்காருபவரைப் பற்றியது. மது குடித்த ஒரு கூட்டத்தார் கலீஃபா உமர் பின் அப்துல் அஸீஸ் (ரஹ்) அவர்களிடம் கொண்டுவரப்பட்டபோது, "அவர்களில் ஒருவர் நோன்பாளி" என்று சொல்லப்பட்டது. அவரிடமிருந்தே தண்டனையைத் தொடங்கச் சொன்னார்கள் கலீஃபா அவர்கள் என்று 4:140 வசனத்தின் விளக்கத்தில் முஃபஸ்ஸிர்கள் எழுதுகிறார்கள்.

மது தொடர்பாகப் பத்துப் பேர் சபிக்கப்பட்டதாக வரும் ஹதீஸில் (திர்மிதீ, இப்னு மாஜா) சுமந்து செல்பவரும், பரிமாறுபவரும், வாங்குபவரும் உண்டு. நண்பனுக்காகக் கடைக்குப் போய் வாங்கி வருவதும், பாட்டில் செலவில் பங்கு போடுவதும் இதில் அடங்கும்.

நடைமுறைக் காரணமும் இருக்கிறது. பதினெட்டு வயதுப் பிள்ளையைக் குடிக்கு இழுப்பது பெரும்பாலும் மதுவின் சுவை அல்ல. ஊரைவிட்டு வந்த தனிமையும், கூட்டத்தில் தான் மட்டும் வேறுபட்டு நிற்கிறோமே என்ற கூச்சமும்தான். முதல் முறை கூல்டிரிங்ஸோடு உட்கார்ந்தவரிடம், நான்காவது முறை "ஒரு மடக்குதானே" என்பார்கள். அந்த மேசையில் இருந்துகொண்டு மறுப்பதைவிட, போகாமலே இருப்பது எளிது.

இதற்காக நண்பனைப் பகைக்க வேண்டியதில்லை. "பிறந்தநாளுக்கு மதியம் பிரியாணி என் செலவு, இரவு பாருக்கு நான் வரவில்லை" என்று சிரித்த முகத்தோடு சொல்லலாம். உறுதியாகச் சொல்பவரை நண்பர்கள் கொஞ்ச நாள் கேலி செய்வார்கள், பிறகு மதிப்பார்கள்.

நாம் செய்ய வேண்டியவை

மாணவரை மட்டும் குறை சொல்லிவிட்டு நாம் ஒதுங்க முடியாது. கல்லூரி இருக்கும் ஊரின் ஜமாஅத், வெளியூர்ப் பிள்ளைகளைத் தன் பிள்ளைகளாக ஏற்க வேண்டும். வாரம் ஒருநாள் மஃரிபுக்குப் பிறகு அவர்களை அழைத்து உணவு கொடுத்துப் பேசினாலே அந்தத் தனிமை பாதி குறையும்.

விதியை மீறிய கடையோ, 21 வயதுக்குக் குறைந்தவருக்கு விற்பனையோ தெரியவந்தால், திங்கட்கிழமை தோறும் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுக்கலாம். கல்லூரிப் பெற்றோர், கோயில் நிர்வாகிகள், தேவாலயத்தார் எல்லோரும் சேர்ந்து கையெழுத்திட்டால் அந்த மனுவுக்கு வலிமை கூடும். இது ஒரு சமுதாயத்தின் பிரச்சினை அல்ல. வழிபாட்டுத் தலத்துக்கும் பள்ளிக்கும் அருகிலிருந்த கடையை அகற்றக் கோரி, 2015 ஜூலையில் குமரி மாவட்டத்தில் செல்போன் கோபுரம் ஏறிப் போராடி உயிரிழந்த காந்தியவாதி சசிபெருமாளைத் தமிழகம் அறியும். அடுத்த சில நாட்களிலேயே சென்னை பச்சையப்பன் கல்லூரி மாணவர்கள் மதுக்கடைக்கு எதிராகத் தெருவில் இறங்கினார்கள்.

நம்மவர்களுக்கு ஒரு கசப்பான வார்த்தையும் சொல்ல வேண்டும். கூடுதல் வாடகை கிடைக்கிறது என்பதற்காக மதுக்கடைக்கும் பாருக்கும் இடம் கொடுப்பவர்கள் நம்மிலும் இருக்கிறார்கள். பாவத்துக்கு உதவாதீர்கள் என்ற கட்டளை (5:2) கட்டட உரிமையாளருக்கும் உரியது. இடத்தை நாம் கொடுத்துவிட்டு, பிள்ளைகள் கெடுகிறார்கள் என்று ஜும்ஆவில் கவலைப்படுவதில் பொருள் இல்லை.

ஏற்கெனவே பழக்கத்தில் விழுந்த பிள்ளையைத் தூற்றித் தள்ளிவிடாதீர்கள். மீண்டும் மீண்டும் குடித்துத் தண்டனை பெற்ற ஒருவரை மக்கள் சபித்தபோது, நபி (ஸல்) அவர்கள் அதைத் தடுத்தார்கள். அவர் அல்லாஹ்வையும் அவனது தூதரையும் நேசிப்பவர் என்று எடுத்துச் சொன்னார்கள் (புகாரி). மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். 14416 என்ற அரசின் இலவச மனநல உதவி எண்ணில் ஆலோசனை கேளுங்கள். தவ்பாவின் வாசல் திறந்திருக்கும்போது வீட்டு வாசலை நாம் அடைக்கக் கூடாது.

படிக்கச் சென்ற நம் பிள்ளைகளை அல்லாஹ் எல்லாத் தீமைகளிலிருந்தும் தூரமாக்கி வைப்பானாக! ஆமீன்.