உங்களுக்குத் தெரியுமா? பள்ளி முடிக்கும்போதே டாக்டர் சீட்!

அமெரிக்காவில் 4 ஆண்டு இளங்கலை, அதன்பின் 4 ஆண்டு மருத்துவம் என்பதே வழக்கம். ஆனால் பள்ளி இறுதியாண்டிலேயே இரண்டுக்கும் சேர்த்து இடம் தரும் கூட்டுப் படிப்புகளும் உண்டு. நியூயார்க் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜியில் 3+4 என ஏழே ஆண்டுகளில் டி.ஓ. ஆகலாம்.

டி.ஓ. என்பது ஆஸ்டியோபதி மருத்துவப் பட்டம். 1892இல் மிசோரி மாநிலத்துக் கிர்க்ஸ்வில்லில் ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் தொடங்கிய கல்லூரிதான் இதன் தாய்வீடு. அமெரிக்காவின் வழக்கமான மருத்துவப் பட்டமான எம்.டி.க்கு மாணவர்கள் படிப்பவற்றோடு, தசையையும் மூட்டையும் கையால் தொட்டறிந்து சரிசெய்யும் பயிற்சியும் இதில் சேரும். 50 மாநிலங்களிலும் டி.ஓ.க்கள் மருந்து எழுதலாம், அறுவை சிகிச்சையும் செய்யலாம். (பிரிட்டனில் ஆஸ்டியோபத் என்பவர் மருத்துவர் அல்லர், குழப்பிக்கொள்ள வேண்டாம்.)

ஓராண்டு மிச்சம் என்பதற்காக மட்டும் 3+4ஐத் தேர்ந்தெடுப்பது சரியல்ல. இத்தகைய படிப்புகள் பலவற்றில், மருத்துவத்தின் முதலாண்டைத் தேறிய பிறகே இளங்கலைப் பட்டம் கைக்கு வரும். மூன்றாம் ஆண்டில் மனம் மாறினால் கையில் பட்டமே இருக்காது. மதிப்பெண் எவ்வளவு குறைந்தால் இடம் பறிபோகும், மருத்துவக் கல்லூரி நுழைவுத் தேர்வான எம்கேட் எழுத வேண்டுமா என்பதையும் சேரும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.