நிலநடுக்க அபாயப் பகுதிகளில் படுக்கையறை: கட்டில், பீரோவை எங்கே வைப்பது?

குவாஹாத்தி, ஸ்ரீநகர், புஜ் போன்ற நிலநடுக்க அபாயம் மிகுந்த நகரங்களில், படுக்கையறையின் அழகுடன் பாதுகாப்பையும் சேர்த்தே திட்டமிட வேண்டியுள்ளது. கட்டடம் இடியாமல் நின்றாலும், சாயும் பீரோவும் சிதறும் கண்ணாடியும் உயிருக்கு ஆபத்தை விளைவிக்கக்கூடும். 1993 செப்டம்பர் 30 அன்று மகாராஷ்டிரத்தின் லாத்தூர் பகுதியை நிலநடுக்கம் அதிகாலையில் தாக்கியபோது, மக்கள் உறக்கத்தில் இருந்தனர்.

அலமாரிகளைச் சுவருடன் இறுகப் பொருத்துமாறு தேசிய பேரிடர் மேலாண்மை ஆணையம் அறிவுறுத்துகிறது. கனமான பொருள்களைக் கீழ்த்தட்டுகளில் வைக்க வேண்டும். கனமான படங்களையும் கண்ணாடிகளையும் கட்டில், சோபா ஆகியவற்றுக்கு மேலே மாட்டக் கூடாது. மின்விசிறி, விளக்குகளின் பிடிமானத்தையும் வலுப்படுத்த வேண்டும்.

எனவே, கட்டிலின் இடத்தை முதலில் முடிவு செய்வது நல்லது. அது சன்னல் கண்ணாடியிலிருந்து விலகியும், பீரோ சாய்ந்தாலும் எட்டாத தொலைவிலும் இருக்க வேண்டும். அதாவது, 6 அடி உயர பீரோவுக்கு முன்னால் 6 அடிக்கும் கூடுதலான இடைவெளி தேவை. சிறிய அறைகளில் இது இயலாது என்பதால், பீரோவின் மேற்பகுதியை இரும்புப் பட்டையால் சுவருடன் பிணைப்பது இன்றியமையாதது. அது விழுந்தால் அறைக்கதவு அடைபடாது என்பதையும் உறுதி செய்துகொள்ள வேண்டும்.