காதில் குரல் கேட்கிறது என்று பிள்ளை சொன்னால்... வீட்டில் என்ன செய்யலாம்?

ஓசூர் சிப்காட்டில் வேலை பார்க்கும் 22 வயது இளைஞர் என்று வைத்துக்கொள்வோம். சில வாரங்களாகத் தூக்கமில்லை. "கம்பெனியில எல்லாரும் என்னைப் பத்தியே பேசறாங்க" என்கிறார். ஆளில்லாத அறையில் குரல் கேட்கிறதாம். காத்து கருப்பு, செய்வினை, நைட் ஷிப்ட் அலுப்பு என்று வீட்டில் ஆளுக்கொன்று சொல்வார்கள்.

இது சைக்கோசிஸ் என்ற மனநோயின் தொடக்கமாக இருக்கலாம். பெரும்பாலும் இளம் வயதில்தான் வரும். சிகிச்சை உண்டு, சீக்கிரம் தொடங்கினால் பலனும் அதிகம்.

முதலில் எங்கே கேட்பது?

14416-க்கு போன் செய்யுங்கள். டெலி மானஸ் எனும் இந்த இலவச சேவை 24 மணி நேரமும் உண்டு. தமிழ், தெலுங்கு, கன்னடம், இந்தியில் பேசலாம். பிறகு கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை அல்லது ஓசூர் அரசு மருத்துவமனையில் காட்டுங்கள். காய்ச்சல், தலைக்காயம், போதைப்பொருளாலும் இப்படி ஆகலாம் என்பதால் பரிசோதனை அவசியம்.

வீட்டில் கவனிக்க

• "எல்லாம் பொய்" என்று வாதாடாதீர்கள். "எனக்குக் கேட்கலை, ஆனா நீ பயப்படறது புரியுது" என்று சொல்லுங்கள்.

• மாத்திரை முழுப் பலன் தர சில வாரங்கள் ஆகும். நன்றாகிவிட்டது என்று நீங்களாக நிறுத்தாதீர்கள், நோய் திரும்பலாம். உடல் இறுக்கம், நடுக்கம் இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள்.

• சோற்றில் மறைத்து மாத்திரை கொடுக்காதீர்கள். தெரிந்தால் உங்கள் மேல் உள்ள நம்பிக்கையே போய்விடும்.

• நேரத்துக்குத் தூக்கம், சாப்பாடு. மது, கஞ்சா கூடவே கூடாது.

• குத்திக்காட்டிப் பேசாதீர்கள். சின்னச் சின்ன வீட்டு வேலைகளில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வீட்டுப் பராமரிப்புக்குப் பலன் உண்டா? தமிழ்நாடு, கோவா, மகாராஷ்டிராவில் மனச்சிதைவு நோயுள்ள 282 பேரிடம் நடந்த ஆய்வு 2014-இல் வெளியானது. மருத்துவமனை சிகிச்சையோடு, பயிற்சி பெற்ற பணியாளர்கள் வீடு தேடிச் சென்று உதவியவர்களிடம் கூடுதல் முன்னேற்றம் தெரிந்தது.

வேலை போய்விடுமா?

பயந்து ராஜினாமா எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். ஈ.எஸ்.ஐ. காப்பீட்டில் இருந்து, சந்தா நிபந்தனை பூர்த்தியாகியிருந்தால், மருத்துவச் சான்றின் பேரில் ஆண்டுக்கு 91 நாட்கள் வரை 70 சதவீத ஊதியம் கிடைக்கும். மனச்சிதைவு என உறுதியானால், தகுதியுள்ளவர்களுக்கு நீட்டிக்கப்பட்ட உதவியும் உண்டு. குணமான பின் பகல் ஷிப்ட் கேட்டுப் பாருங்கள்.

உடனே 108

தற்கொலைப் பேச்சு, சாப்பாடு தண்ணீரை மறுப்பது, தனக்கோ பிறருக்கோ ஆபத்து என்றால் காத்திருக்க வேண்டாம். சங்கிலியால் கட்டுவதை 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் தடை செய்கிறது.

14416, 108 இரண்டையும் இப்போதே போனில் சேமித்து வையுங்கள்.