யோக ஆசிரியருக்குத் தேவை கண்ணும் காதும்

ஆரணியிலும் அதைச் சுற்றியுள்ள தேவிகாபுரம், ஒண்ணுபுரம் போன்ற ஊர்களிலும் பட்டுத்தறி ஓடிய வீடுகளில் பிறந்த பிள்ளைகள் பலர் இன்று தறியில் உட்காருவதில்லை. பட்டம் பெற்றுச் சென்னைக்கோ பெங்களூருக்கோ போய்விடுகிறார்கள். போக இயலாதவர்கள், குறிப்பாகக் கைக்குழந்தையோடு ஊரிலேயே தங்கிவிட்ட பெண்கள், வீட்டிலிருந்தபடியே செய்யத்தக்க தொழிலைத் தேடுகிறார்கள். அவர்களில் சிலர் அண்மைக்காலமாக என்னிடம் கேட்கும் கேள்வி இது: 'யோகாவில் பட்டயம் முடித்திருக்கிறேன் ஐயா, இணையத்தில் வகுப்பு எடுக்க என்னென்ன வாங்க வேண்டும், எவ்வளவு கடன் வாங்கலாம்?'

கடன் பற்றிய கேள்விக்கு விடை எளிது: வேண்டாம். என்னென்ன வாங்குவது என்பதுதான் யோசிக்கத்தக்கது. கடைக்காரரைக் கேட்டால் உயர்தரக் கேமரா, வட்டவிளக்கு, பின்னணித் திரை என்று ஒரு பட்டியல் கிடைக்கும். அது நடிகருக்கான பட்டியல். ஆசிரியர் தம்மைக் காட்டுவதற்குச் செலவிடுவதைவிட, மாணவரைப் பார்ப்பதற்கும் அவருடன் பேசுவதற்கும் கூடுதலாகச் செலவிட வேண்டும் என்பது என் கருத்து. இதற்குப் பொருளியல் காரணமும் உண்டு, உடலியல் காரணமும் உண்டு.

வில்லியம் பாமோல், வில்லியம் போவென் என்ற அமெரிக்கப் பொருளியலாளர்கள் 1966இல் நிகழ்த்துகலைகளின் பொருளாதாரம் குறித்து எழுதிய நூல் புகழ்பெற்றது. ஆலைகளில் இயந்திரம் வந்து உற்பத்தித்திறன் பெருகுகிறது. நால்வர் வாசிக்க வேண்டிய இசையை நூறாண்டுக்குப் பின்னும் நால்வர்தான் வாசிக்க வேண்டியிருக்கிறது. மற்ற துறைகளில் கூலி உயர உயர, இத்தகைய கலைகளின் செலவு மட்டும் ஏறிக்கொண்டே போகும் என்பது அவர்கள் வாதம். கற்பித்தலுக்கும் மருத்துவத்துக்கும், கைத்தறிக்கும்கூட இது பொருந்தும்.

இணையம் இந்தச் சிக்கலைத் தீர்த்துவிட்டதாகத் தோன்றும். ஒருவர் செய்துகாட்டும் ஆசனத்தை ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் பார்க்கலாமே! ஆனால் ஷெர்வின் ரோசன் என்ற மற்றொரு பொருளியலாளர் 1981இல் எழுதிய கட்டுரை இங்கே எச்சரிக்கிறது. ஒருவரின் திறமையைக் குறைந்த செலவில் எல்லோருக்கும் கொண்டுசேர்க்கும் தொழில்நுட்பம் வரும்போது, முதலிடத்தில் இருக்கும் சிலரே சந்தை முழுவதையும் எடுத்துக்கொள்வார்கள். செய்துகாட்டும் காணொளிகள் இணையத்தில் இலவசமாகக் குவிந்து கிடக்கின்றன. அவற்றில் சில, பெரிய படப்பிடிப்புக் குழுவோடு எடுக்கப்பட்டவை. அந்தப் போட்டியில் ஆரணிக் கூடத்திலிருந்து ஒருவர் வெல்லப் போவதில்லை. அவரால் விற்க முடிந்தது, காணொளியால் தர முடியாத ஒன்றை: கவனத்தை. 'உங்கள் இடது முழங்கால் உள்ளே சாய்கிறது, பாதத்தைச் சற்று அகற்றுங்கள்' என்று காணொளி சொல்லாது.

யோக மரபும் இதையே சொல்கிறது. திருமலை கிருஷ்ணமாச்சாரியாரும் அவர் மாணவர் பி.கே.எஸ். ஐயங்காரும் ஆசனங்கள் செய்யும் பேசாப்படம் ஒன்று 1938இல் எடுக்கப்பட்டது. இன்றும் அதைப் பார்த்து வியக்கலாம். அதைப் பார்த்துக் கற்பது ஆபத்து. பிற்காலத்தில் சென்னையில் வாழ்ந்த அதே கிருஷ்ணமாச்சாரியார், வருபவரின் வயதையும் நோயையும் தொழிலையும் பார்த்துத் தனித்தனியே பயிற்சி வகுத்துக் கொடுத்தார். அவர் மகன் தேசிகாச்சார் 1976இல் நிறுவிய கிருஷ்ணமாச்சாரியா யோக மந்திரமும் அவ்வழியைப் பின்பற்றியது. நெசவாளர் குடும்பங்களுக்கு இன்னொரு பெயர் நெருக்கமாக இருக்கும். 1911இல் கூடுவாஞ்சேரியில் நெசவுக் குடும்பத்தில் பிறந்து, தாமும் தறியில் உழைத்து, பின் எளியமுறை உடற்பயிற்சியை வகுத்தவர் வேதாத்திரி மகரிஷி. உழைப்பவரின் உடம்பு எங்கே வலிக்கும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

இனிக் கருவிகளுக்கு வருவோம். முதலில் வாங்க வேண்டியது பெரிய திரை. கேமரா அதற்குப் பிறகுதான். பத்தடி தொலைவில் விரிப்பில் நின்றுகொண்டு, கைப்பேசித் திரையில் தீப்பெட்டி அளவுக் கட்டங்களில் தெரியும் பன்னிரண்டு பேரின் முதுகெலும்பை எவராலும் கவனிக்க இயலாது. வீட்டில் இருக்கும் தொலைக்காட்சியை எச்.டி.எம்.ஐ. கம்பி மூலம் மடிக்கணினியோடு இணைத்தால் போதும். பல வீடுகளில் இதற்கு ஆகும் செலவு அந்தக் கம்பியின் விலை மட்டுமே. தம்மைப் படம்பிடிக்கக் கைப்பேசி ஒன்று, மாணவரைப் பார்க்க மடிக்கணினியும் தொலைக்காட்சியும் என இரு கருவிகளில் ஒரே வகுப்பில் இணைந்துகொள்ளலாம். அப்போது மடிக்கணினியின் ஒலிவாங்கி, ஒலிபெருக்கி இரண்டையும் அணைத்துவிட வேண்டும். இல்லையேல் ஊளைச் சத்தம் எழும். பன்னிரண்டு பேர் என்பது என் கணக்கு. இருபதைத் தாண்டினால் அது வகுப்பாக இராது, ஒளிபரப்பாகிவிடும்.

மாணவரின் கேமராவும் ஆசிரியரின் கருவிகளில் ஒன்றே. பெரும்பாலோர் கைப்பேசியைத் தரையில் சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டு நெற்றியை மட்டும் காட்டுவார்கள். முதல் வகுப்பின் முதல் கால் மணி நேரத்தை இதைச் சரிசெய்யவே ஒதுக்க வேண்டும்: கைப்பேசி படுக்கைவாட்டில், நாற்காலி உயரத்தில், விரிப்பின் நீளப் பக்கத்தைப் பார்த்தபடி இருக்கட்டும். முன்னால் குனியும்போது முதுகு வளைகிறதா, இடுப்பிலிருந்து மடிகிறதா என்பது பக்கவாட்டுக் காட்சியில்தான் தெரியும். இதை வலியுறுத்தத் தயங்கும் ஆசிரியர் மாதக் கட்டணத்துக்கு உரிய பாதி வேலையைச் செய்யவில்லை என்றே சொல்வேன்.

ஆசிரியரின் கேமராவைப் பொறுத்தவரை, நடுத்தர விலைக் கைப்பேசியில் இருப்பதே போதும். சிக்கல் தொலைவில்தான். நின்று கைகளை உயர்த்தினால் ஏறத்தாழ ஏழடி உயரம் வரும். கைப்பேசியைப் படுக்கைவாட்டில் வைத்து அந்த உயரம் முழுவதையும் படத்துக்குள் கொண்டுவர, பத்து முதல் பன்னிரண்டு அடி பின்னால் வைக்க வேண்டும். நகரத்து அடுக்ககங்களில் இந்த இடம் கிடைப்பது அரிது. ஆரணியின் நெசவு வீடுகள் இங்கே நமக்குக் கைகொடுக்கின்றன. தறியை விற்றபின் குழியை மூடித் தளம் போட்ட நீண்ட கூடம், இதற்கென்றே கட்டியது போல அமைந்திருக்கும். ஜன்னல் ஆசிரியரின் முன்னால் இருக்க வேண்டும். முதுகுப் பக்கம் இருந்தால் ஆள் கரிய நிழலாகத்தான் தெரிவார். விடியற்காலை வகுப்புக்குக் கேமராவின் பின்புறச் சுவரில் இரண்டு எல்.இ.டி. குழல்விளக்குகள் போதும். சுவரின் நிறத்திலிருந்து வேறுபட்ட உடையை அணிவது, ஆயிரக்கணக்கில் விலை சொல்லும் விளக்கைவிடப் பயன்தரும்.

இடம்வலக் குழப்பம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நம் திரையில் நாம் கண்ணாடியில் தெரிவதுபோலத் தெரிவோம். மாணவர் திரையில் அப்படி இராது, எதிரே நிற்பவர்போலத் தெரிவோம். ஆகவே 'வலது கை' என்று சொல்லி இடது கையை உயர்த்தும் பழைய வகுப்பறை வழக்கமே இங்கும் சரி.

ஒலியில்தான் பலர் தோற்கிறார்கள். படம் சற்று மங்கினால் மாணவர் பொறுத்துக்கொள்வார். குரல் விட்டுவிட்டு வந்தால் ஒரு வாரத்தில் விலகிவிடுவார். பன்னிரண்டு அடி தொலைவிலிருக்கும் கைப்பேசியின் ஒலிவாங்கி, ஆசிரியரின் குரலோடு கூடத்தின் எதிரொலியையும் பக்கத்து வீட்டுத் தறிச் சத்தத்தையும் சேர்த்தே அள்ளிக்கொள்ளும். காதில் மாட்டும் புளூடூத் கருவி குனியும்போது விழும்; பலவற்றில் குரலும் தேய்ந்து ஒலிக்கும். சட்டைக் கழுத்தில் செருகும் கம்பியில்லா ஒலிவாங்கி, அதன் சிறு ஏற்பியைக் கைப்பேசியிலேயே பொருத்தும் வகை, 1,500 முதல் 3,000 ரூபாய்க்குள் கிடைக்கிறது. பொருத்தும் துளை நம் கைப்பேசிக்கு ஏற்றதா என்று மட்டும் பார்த்து வாங்க வேண்டும். கழுத்தெலும்புக்கு அருகே செருகினால் படுத்த நிலையிலும் குரல் மாறாது.

வாங்கிய பிறகும் ஒரு விசித்திரம் காத்திருக்கும். ஆசிரியர் நீளமாக ஓம் என்று ஒலிப்பார். மாணவருக்குத் தொடக்கம் மட்டும் கேட்டு, பிறகு அமைதியாகிவிடும். ஒரே சுருதியில் நீளும் ஒலியை மின்விசிறி இரைச்சல் என்று கருதி மென்பொருள் வடிகட்டிவிடுவதே காரணம். மூச்சொலியைக் கேட்கச் செய்யும் பிராணாயாமப் பயிற்சியிலும் இதுவே நடக்கும். ஜூம் செயலியில் இந்த வடிகட்டலைத் தளர்த்தவும், அசல் ஒலியை அப்படியே அனுப்பவும் அமைப்பு உண்டு. ஆனால் வடிகட்டலை நீக்கினால் தறியின் சத்தம் உள்ளே வந்துவிடும். தெருவில் தறிகள் ஓடத் தொடங்குமுன் வகுப்பை முடிப்பதோ, ஓங்காரத்தின்போது மட்டும் வடிகட்டலை நீக்குவதோதான் வழி. ஊரின் நெசவு நேரம் அறிந்தவருக்கு இது பெரிய சிரமமில்லை.

இணைப்பைத் தேர்ந்தெடுக்கையில் எல்லோரும் பதிவிறக்க வேகத்தையே கேட்கிறார்கள். ஆசிரியருக்கு வேண்டியது பதிவேற்ற வேகம். தெளிவான படத்துக்கு விநாடிக்கு மூன்று மெகாபிட் அளவு தடையின்றி மேலே சென்றால் போதும்; ஆனால் அது ஒரு மணி நேரமும் நிலையாக இருக்க வேண்டும். கைப்பேசிச் சிம் இதற்கு உறுதி தராது, கண்ணாடியிழை இணைப்பே நல்லது. மின்தடைக்கு வீடு முழுவதற்குமான இன்வெர்ட்டர் தேவையில்லை. மோடத்துக்கு மட்டும் மின்சாரம் தரும் கையடக்க 12 வோல்ட் யு.பி.எஸ். ஏறத்தாழ 1,500 ரூபாய்க்குக் கிடைக்கும். கைப்பேசிக்குத் தன் மின்கலமே போதும். ஜூம் இலவசச் சேவை 40 நிமிடத்தில் துண்டிக்கும். கூகுள் மீட் மூவர் அல்லது அதற்கு மேற்பட்டோர் இருந்தால் 60 நிமிடம் தரும். தொடக்கத்துக்கு இது போதும்.

ஆக, கைப்பேசியும் மடிக்கணினியும் தொலைக்காட்சியும் ஏற்கெனவே உள்ள வீட்டில், ஒலிவாங்கி, தாங்கி, விளக்கு, கம்பிகள், சிறு யு.பி.எஸ். எல்லாம் சேர்த்து எட்டாயிரம் ரூபாயைத் தாண்டத் தேவையில்லை. 2015இல் தொடங்கிய முத்ரா திட்டத்தின் சிசு பிரிவில் 50,000 ரூபாய் வரை கடன் கிடைக்கும் என்பது உண்மை. கிடைக்கிறது என்பதற்காக வாங்குவானேன்? பன்னிரண்டு பேரிடம் மாதம் 600 ரூபாய் வாங்கினால் ஒரு குழுவுக்கு 7,200 ரூபாய்; முதலீடு ஏறக்குறைய ஒரு மாதத்தில் திரும்பிவிடும். அந்தப் பன்னிரண்டு பேரைச் சேர்ப்பதுதான் கடினம், அதற்குக் கடன் உதவாது. யோகப் பயிற்சி மீதான ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 18 விழுக்காட்டிலிருந்து 5 ஆகக் குறைந்தது. ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாய்க்குள் இருக்கும் சிறு ஆசிரியருக்கு அந்தக் கவலையும் பொதுவாக இல்லை.

கவலைப்பட வேண்டியது வேறொன்று. நெசவில் தறி நெசவாளருடையது, வீடும் அவருடையது. பட்டும் சரிகையும் முதலாளியிடமிருந்து வரும், சேலை முதலாளியிடமே போகும். யார் அந்தச் சேலையை வாங்கினார்கள் என்பது நெய்தவருக்குத் தெரியாது. அதனால்தான் அவர் வருவாய் கூலியாகவே நின்றுவிட்டது. மாணவரைச் சேர்த்துத் தந்து கட்டணத்தில் பங்கெடுக்கும் செயலிகள் இதே ஏற்பாட்டைத்தான் இணையத்தில் நடத்துகின்றன: கருவி ஆசிரியருடையது, உழைப்பு அவருடையது, மாணவர் பட்டியல் செயலியுடையது. தொடக்கத்தில் பத்துப் பேர் கிடைப்பார்கள் என்பதற்காகச் சேர்வதில் தவறில்லை. ஆனால் தம் மாணவரின் பெயரும் எண்ணும் தம்மிடம் இல்லாத ஆசிரியர் கூலிக்கு நெய்பவரே.

அந்தப் பட்டியலை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைக்கச் சொல்கிறேன். பெயர், வயது, இரத்த அழுத்தம், அறுவை சிகிச்சை, குடலிறக்கம், கண் அழுத்தம், கருவுற்றிருத்தல், வீட்டில் உடனிருப்பவரின் தொலைபேசி எண் ஆகியவை அதில் இருக்க வேண்டும். ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் ஒருவர் மயங்கி விழுந்தால் ஆசிரியரிடம் இருக்கும் ஒரே கருவி அந்த எண்தான். சிரசாசனத்தை இணையத்தில் புதியவருக்குக் கற்பிக்கவே கூடாது. பிடிக்க ஆளில்லாத இடத்தில் தலைகீழாக நிற்கச் சொல்லும் உரிமை எவருக்கும் இல்லை. வகுப்பைப் பதிவு செய்வதாயின் ஒவ்வொருவரின் ஒப்புதலும் வேண்டும். 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒருபுறம் இருக்க, தம் படுக்கையறையில் பயிற்சி செய்யும் பெண்களின் காணொளி யாரிடமும் இருக்கக் கூடாது என்பது சாதாரண நாகரிகம்.

தமிழில் கற்க விரும்பும் குடும்பங்கள் கடல் கடந்தும் இருக்கின்றன. ஆரணியில் காலை 5.30 மணி என்றால் சிங்கப்பூரில் 8 மணி. லண்டனில் கோடையில் காலை 6.30 மணி என்றால் இங்கே 11 மணி, குழந்தை பள்ளிக்குப் போயிருக்கும் நேரம். டொரன்டோவின் கோடைக்காலக் காலை 6.30 இங்கே மாலை 4 மணி. ஒரு நாளில் மூன்று குழுக்கள் இப்படி அமைந்துவிடும். மாலை ஏழு மணியை மட்டும் இணையத்துக்குக் கொடுக்க வேண்டாம் என்று கேட்பவர்களிடம் சொல்கிறேன். குழிக்குள் கால்விட்டு, மிதியை மாறி மாறி அழுத்தி, முன்னால் சாய்ந்து நாள் முழுவதும் நெய்தவர்கள் தறியைவிட்டு எழும் நேரம் அது. இடுப்பும் தோளும் பிடித்துக்கொண்டிருக்கும் அந்தத் தெருக்காரர்களுக்கு அதே கூடத்தில், அதே விரிப்பில், நேரில் சொல்லித்தரலாம். தொலைக்காட்சியை அணைத்துவிட்டால் போதும்.